கேள்வியும் கேள்வி ஞானமும்

கேள்வி: புளூ நோட் நிறுவனத்தின் 1950, 60-களின் ஜாஸ் இசைத்தட்டுகளிலேயே ஊறியவன் நான். இன்று அதே முத்திரையோடு வரும் இளைஞர்களின் இசை காதில் ஒட்டமாட்டேன் என்கிறது. பெயர் மட்டும்தானே மிச்சம்?

பதில்: எனக்கும் முதலில் ஒட்டவில்லை. நீங்கள் தேடுவது ரூடி வான் கெல்டரின் ஒலியை என்று நினைக்கிறேன். பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே, நியூ ஜெர்சியில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு செய்த மனிதர் அவர். அவர் பதிவில் சாக்சஃபோன் நம் தோளருகே நின்று மூச்சு விடும். (பியானோவுக்கு மட்டும் ஏனோ கம்பளி போர்த்திவிடுவார். அதையும் மன்னித்துத்தான் கேட்டோம்.) அந்தக் கூடத்து ஒலி இனி வராது. அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் யார் வாசித்தாலும் ஏமாற்றம்தான்.

ஆனால் புளூ நோட்டின் சொத்து அது மட்டுமா? 1939-இல் நியூயார்க்கில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் லயன், பெர்லினிலிருந்து வந்தவர். பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். ஒத்திகைக்கு நேரம் இருந்ததால்தான் சிக்கலான சொந்த மெட்டுகளோடு அவர்களால் வர முடிந்தது. சாக்சஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபி புளூ நோட்டுக்காக வாசித்த 'அவுட் டு லஞ்ச்' 1964-இல் பதிவானபோது டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு வயது 18. அதில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி) கண்ணாடிச் சில்லுகளைப் போலத் தெறிக்கிறது. அந்தத் தட்டைக் கேட்டு அன்றும் யாரேனும் உங்களைப் போலவே அலுத்துக்கொண்டிருப்பார்!

அதே வைப்ரஃபோனை இன்று புளூ நோட்டில் வாசிக்கிறார் ஜோயல் ராஸ். ஹட்சர்சனை நகல் எடுக்காததால்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது. நிறுவனத்தின் 85-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்காக அவரோடு ஜெரல்ட் கிளேட்டன், இம்மானுவேல் வில்கின்ஸ், மேட் புரூவர், கெண்ட்ரிக் ஸ்காட் ஆகியோர் ஒரே குழுவாகச் சேர்ந்தார்கள். பழைய புகழ்பெற்ற மெட்டுகளை வாசித்துக் கைதட்டல் வாங்கிவிட்டுக் கலைந்திருக்கலாம். அவர்களோ சொந்த மெட்டுகளை எழுதி 2024-இல் 'மோஷன் ஒன்' என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள். லயன் இருந்திருந்தால் இதற்குத்தான் ஒத்திகைச் சம்பளம் கொடுத்திருப்பார் என்பது என் கட்சி.

நீங்கள் அந்த ஆல்பத்திலிருந்தே தொடங்குங்கள். பிறகு வில்கின்ஸின் 'தி செவன்த் ஹேண்ட்'. ஏழு பகுதிகள் கொண்ட அந்தத் தொடரின் கடைசிப் பகுதி மட்டும் 26 நிமிடம்; முன்கூட்டி எழுதிவைக்காத, கட்டற்ற வாசிப்பு. முதல் நாளே அதில் கைவைக்க வேண்டாம். அப்படிக் கைவைத்துப் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போனவன் நான். மூன்றாம் முறைதான் கடைசி வரை உட்கார முடிந்தது.