யாங்கீஸ் 2025 முதல் வாரத்துல 20 ரன் அடிச்சது பேட்டோட மாயமா? முதல் வாரத்தை வெச்சு ஒரு பேஸ்பால் டீமை எடை போட முடியுமா?

கேள்வி கேட்டவர் ரெண்டு விஷயத்தை ஒண்ணா முடிச்சுப் போட்டிருக்கார். 2025 சீசன் ஆரம்பிச்ச மூணாவது நாளே நியூயார்க் யாங்கீஸ் ஒரே மேட்ச்ல 20 ரன், 9 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிச்சாங்களே, அதுக்குக் காரணம் அந்தப் புது "டார்பிடோ" பேட்தானா, அப்படி ஆரம்பிச்ச டீம் ஏன் கோப்பை வாங்கலன்னு கேட்டிருக்கார். நான் நியூஜெர்சில இருக்கேன், வருஷக்கணக்கா யாங்கீஸ் ஃபேன், அதனால கொஞ்சம் சாய்ஞ்சுதான் பேசுவேன், சகிச்சுக்கோங்க.

முதல்ல அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு பார்த்துடலாம். மார்ச் 27 வியாழன் ஓப்பனிங் டே, யாங்கீ ஸ்டேடியத்துல மில்வாக்கி ப்ரூவர்ஸ் கூட. எங்க ஏஸ் பிட்சர் (டீமோட முதன்மைப் பந்து வீச்சாளர்) கெரிட் கோல் அந்த மாசந்தான் முழங்கைல டாமி ஜான் சர்ஜரி பண்ணி மொத்த சீசனுக்கும் போயிட்டார், அவர் இடத்துல கார்லோஸ் ரொடான் இறங்கினார். பேட்டிங்ல முதல் ஆளா வந்தது ஆஸ்டின் வெல்ஸ், இவர் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னாடி உக்காந்து பந்தைப் பிடிக்கறவர், பொதுவா கேட்சரை யாரும் முதல் ஆளா அனுப்ப மாட்டாங்க, ஆனா அவர் வந்ததும் வராததுமா ஹோம் ரன். ஓப்பனிங் டேல தன் டீமோட முதல் ஆளா இறங்கி ஹோம் ரன் அடிச்ச முதல் கேட்சர் எம்எல்பி (அமெரிக்காவோட மேஜர் லீக் பேஸ்பால்) வரலாற்றுலயே அவர்தான். 4-2ன்னு ஜெயிச்சோம், கடைசி இன்னிங்ஸ்ல பிட்சர் டெவின் வில்லியம்ஸ் ஒரு ரன் குடுத்து, எங்க எல்லாரையும் சீட் நுனிக்குக் கொண்டு வந்துட்டுதான் மேட்சை முடிச்சார்.

இந்த வில்லியம்ஸ் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க. 2024 டிசம்பர்ல இவரை ப்ரூவர்ஸ்கிட்ட இருந்து வாங்கறதுக்கு யாங்கீஸ் குடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பிட்சர் நெஸ்டர் கோர்டெஸ், இன்னொருத்தர் கேலப் டர்பின்னு அப்ப யாருக்கும் பெருசா தெரியாத ஒரு பையன். கோர்டெஸை இங்க எல்லாருக்கும் பிடிக்கும், மீசை வெச்ச ஆளு, பந்து அப்படி ஒண்ணும் வேகம் கிடையாது, புத்தியாலதான் பிழைப்பு. ஆனா 2024 வேர்ல்ட் சீரிஸ் (கோப்பைக்கான ஃபைனல்) முதல் மேட்ச்ல டாட்ஜர்ஸோட ஃப்ரெடி ஃப்ரீமேன் பத்தாவது இன்னிங்ஸ்ல ஒரே அடியில 4 ரன் வர்ற கிராண்ட் ஸ்லாம் அடிச்சு மேட்சை முடிச்சாரே, அந்தப் பந்தைப் போட்டதும் இவர்தான்.

மார்ச் 29 சனிக்கிழமை அதே கோர்டெஸ் ப்ரூவர்ஸ் ஜெர்சில யாங்கீ ஸ்டேடியம் வர்றார். முதல் பந்து, கோல்ட்ஷ்மிட் ஹோம் ரன். ரெண்டாவது பந்து, பெலிஞ்சர் ஹோம் ரன். மூணாவது பந்து, ஆரன் ஜட்ஜ் ஹோம் ரன். மூணே பந்து, மூணு ஹோம் ரன். 1988-ல இருந்துதான் ஒவ்வொரு பந்தையும் கணக்கு வெச்சுக்கிட்டு வர்றாங்க, அதுல ஒரு டீம் தன் முதல் மூணு பந்துலயும் இப்படி அடிச்சது கிடையவே கிடையாது. நான் டிவி முன்னாடி உக்காந்து ஏதோ ரீப்ளேதான் திரும்பத் திரும்பப் போடறாங்கன்னு நினைச்சேன், அப்புறம் மூலைல ஸ்கோரைப் பார்த்தா 3-0. அதே இன்னிங்ஸ்ல வெல்ஸும் ஒண்ணு அடிச்சார்.

ஜட்ஜ் அன்னிக்கு மட்டும் 3 ஹோம் ரன், அதுல ஒண்ணு கிராண்ட் ஸ்லாம், மொத்தம் 8 ரன் அவர் கணக்குல. முடிவு 20-9. ஒரே மேட்ச்ல 9 ஹோம் ரன் யாங்கீஸோட நூத்துச் சொச்ச வருஷ வரலாற்றுல புது ரெக்கார்ட், எம்எல்பி ரெக்கார்டு 1987-ல டொரான்டோ ப்ளூ ஜேஸ் அடிச்ச 10. மறுநாள் ஞாயிறு 12-3, இன்னும் 4 ஹோம் ரன். மூணு மேட்ச்ல மொத்தம் 15, சீசனோட முதல் மூணு மேட்ச் கணக்குல 2006 டெட்ராய்ட் டைகர்ஸ் வெச்ச ரெக்கார்டுக்குச் சமம்.

இதுல எல்லாரும் மறந்துட்ட ஒரு விஷயம், அந்த 20-9 மேட்ச்ல யாங்கீஸ் ஃபீல்டிங்ல 5 எர்ரர், அதாவது சுலபமா முடிக்க வேண்டியதைக் கோட்டை விட்ட தப்பு. அஞ்சு! பல கோடி டாலர் குடுத்துக் கூட்டிட்டு வந்த மேக்ஸ் ஃப்ரீடுக்கு யாங்கீஸ்ல அதான் முதல் மேட்ச், டீம் 20 ரன் அடிச்சுக் குடுத்தும் அவர் 5 இன்னிங்ஸ் முடிக்காம வெளிய போனதால வின் அவர் கணக்குல ஏறவே இல்ல, ஏன்னா ஸ்டார்ட்டிங் பிட்சருக்கு வின் எழுதணும்னா குறைஞ்சது 5 இன்னிங்ஸ் போட்டிருக்கணும். ஜெயிச்ச அன்னிக்கு இதையெல்லாம் யார் பார்க்கறா.

சரி, பேட்டுக்கு வருவோம். சனிக்கிழமை கமென்ட்ரில மைக்கேல் கே இதை எடுத்துச் சொன்னதுல இருந்துதான் பத்திக்கிச்சு. யாங்கீஸோட ஆன்டனி வோல்பி எங்க பந்தை அடிக்கறார்னு அளந்து பார்த்தா பேட்டோட தடிச்ச பாகத்துல படாம, கொஞ்சம் கைப்பக்கமா, கம்பெனி பேர் அச்சடிச்சிருக்கற இடத்துக்கிட்டயே அதிகம் படுதாம். அப்ப அந்த மரத்தை அங்கயே கொண்டு வந்து வெச்சா என்னன்னு, தடிச்ச பாகத்தை நுனில இருந்து கைப்பக்கமா இறக்கி, நுனியை ஒல்லியாக்கிட்டாங்க, அதான் டார்பிடோ. இதை யோசிச்சவர் ஆரன் லீன்ஹார்ட், எம்ஐடில பிசிக்ஸ் டாக்டரேட் வாங்கி, மிச்சிகன் யுனிவர்சிட்டில வாத்தியாரா இருந்துட்டு பேஸ்பாலுக்கு வந்தவர். இதுல கூத்து என்னன்னா உலகமே யாங்கீஸ் பேட்னு பேசின அந்த வாரம் அவர் யாங்கீஸ்ல இல்ல, மயாமி மார்லின்ஸுக்குப் போயிட்டார்.

ஏமாத்து வேலையான்னு கேட்டீங்கன்னா, இல்லவே இல்ல. ரூல் புக்ல பேட் ஒரே மரத்துல செஞ்சதா இருக்கணும், நீளம் 42 அங்குலத்துக்கு மேல போகக்கூடாது, தடிப்பான இடத்துல 2.61 அங்குலத்துக்கு மேல போகக்கூடாது, அவ்ளோதான். தடிப்பு எந்த இடத்துல இருக்கணும்னு யாரும் சொல்லல. அடி வாங்கின ப்ரூவர்ஸோட ட்ரெவர் மெகில் இது சாஃப்ட்பால் ஆடறவங்க வெச்சிருக்கற மாதிரி இருக்குன்னு கடுப்பாவும் சொன்னார், ஆனா எடையெல்லாம் ஒரே இடத்துல கொண்டு வந்தது நல்ல மூளைன்னும் சேர்த்தே சொன்னார். நியாயமான ஆளு.

ஆனா மாயம்னு சொல்றதுதான் எனக்கு ஒத்துக்க முடியல. மூணு மேட்ச்ல 4 ஹோம் ரன் அடிச்ச ஜட்ஜ் அந்த பேட்டைத் தொடவே இல்ல, எப்பவும் போடற பழைய ஷேப்தான். 2022-ல 62, 2024-ல 58 அடிச்ச மனுஷன் எதுக்கு மாத்தணும். அந்த முதல் மூணு பந்தை அடிச்சவங்க யாருன்னு பாருங்க, கோல்ட்ஷ்மிட் 2022 எம்விபி (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது), பெலிஞ்சர் 2019 எம்விபி, ஜட்ஜ் அதுவரைக்கும் ரெண்டு தடவை எம்விபி. எதிர்ல நிக்கறது வருஷக்கணக்கா நாம பக்கத்துல இருந்து பார்த்த, வேகம் இல்லாத பிட்சர், முதல் பந்தை நேரா போடறார். கட்டையைக் குடுத்தாலும் அடிப்பாங்க.

பேட்டால எல்லாம் மாறும்னா முதல்ல மாறியிருக்க வேண்டியது வோல்பிதான், போஸ்டர் பாயே அவர்தான், முதல் மேட்ச்ல ஒரு ஹோம் ரன், சனிக்கிழமை இன்னொண்ணு. சீசன் முடியறப்ப அவர் ஆவரேஜ் .212, அதாவது பத்துல ரெண்டு தடவைதான் உருப்படியா அடிச்சிருக்கார். தோள்பட்டைல அடி வேற, பாவம், சீசன் முடிஞ்சு ஆபரேஷன். அதுக்காக பேட் வேஸ்ட்னும் சொல்ல முடியாது, மார்ச் 31 அன்னிக்கு சின்சினாட்டியோட எல்லி டி லா க்ரூஸ் முதல் தடவையா அதைக் கையில எடுத்து அன்னிக்கே ரெண்டு ஹோம் ரன் அடிச்சார். அவரவர் பந்து எங்க படுதோ அதைப் பொறுத்தது, சிலருக்கு செட் ஆகும், சிலருக்கு ஆகாது. அந்த வாரம் எங்க ஆபீஸ் கேன்டீன்ல பேஸ்பால் ரூல் தெரியாதவங்க கூட பேட் பிசிக்ஸ் பேசினாங்க, கோடை வர்றதுக்குள்ள அந்தப் பேச்சே காணோம்.

இப்ப ரெண்டாவது கேள்வி. அந்த வாரத்தோட மிச்சத்தை யாரும் கேக்கறதில்ல. ஏப்ரல் 1 அரிசோனா டைமண்ட்பேக்ஸ் வந்தாங்க, எட்டாவது இன்னிங்ஸ்ல யூஹேனியோ சுவாரஸ் ஒரு கிராண்ட் ஸ்லாம், 5-7 தோல்வி. மறுநாள் ஸாக் கேலன் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணி அனுப்பினார், 3-4 தோல்வி. அதே பேட், அதே ஆளுங்க. மூணாம் நாள் 9-7னு ஜெயிச்சு வாரம் 4-2ன்னு முடிஞ்சது. நல்ல வாரம்தான், அதிசய வாரம் இல்ல.

ஐபிஎல் பார்த்துப் பழகினவங்களுக்கு இந்த இடம் பிடிபடாது. அங்க லீக்ல 14 மேட்ச், மூணு தோத்தாலே கால்குலேட்டரை எடுத்துடுவோம். இங்க 162. ஆறு மேட்ச்ங்கறது நாலு சதவீதம் கூட இல்ல. இதுல ஏப்ரல் மாசக் குளிர், பிட்சர்ஸ் இன்னும் முழு நீளத்துக்குப் போட ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க, பாதி டீம்ல ரொட்டேஷனே (ஸ்டார்ட்டிங் பிட்சர்ஸ் முறை வெச்சுப் போடற வரிசை) செட் ஆகியிருக்காது. மில்வாக்கிக்கு அதான் நடந்தது, பிட்சர்ஸ் வரிசையா இஞ்சுரில. யாங்கீஸ்கிட்ட மூணு தோத்து ஊருக்குப் போய் கான்சஸ் சிட்டிகிட்ட 1-11 வேற. நாலு மேட்ச்ல 47 ரன் குடுத்து 0-4. அன்னிக்கு யாரைக் கேட்டாலும் இந்த டீம் காலின்னுதான் சொல்லியிருப்பாங்க, நானும் நல்லா சிரிச்சேன்.

அந்த ப்ரூவர்ஸ்தான் அந்த வருஷம் 97-65ன்னு முடிச்சாங்க, 30 டீம்லயும் அதான் பெஸ்ட் ரெக்கார்ட். ஆகஸ்ட்ல தொடர்ந்து 14 மேட்ச் ஜெயிச்சாங்க, அவங்க டீம் வரலாற்றுல அதான் நீளமானது, அதுக்கு முந்தின ரெக்கார்ட் 1987 சீசனை 13-0ன்னு ஆரம்பிச்சப்ப வந்தது. யாருக்கும் தெரியாத அந்த டர்பின் பையன் அந்த வருஷம் அவங்க மூணாவது பேஸ்ல ரெகுலரா உக்காந்துட்டான். இங்க வந்த வில்லியம்ஸ் ஏப்ரல் முடியறதுக்குள்ள க்ளோசர் வேலையை (கடைசி இன்னிங்ஸ் போட்டு மேட்சை முடிக்கறது) இழந்தார், வருஷ ERA-வை (9 இன்னிங்ஸுக்கு சராசரியா குடுத்த ரன்) எழுத எனக்கே மனசு வரல.

அதுக்காக முதல் வாரம் எப்பவும் பொய் சொல்லும்னும் எடுத்துக்காதீங்க. அதே 2025-ல டாட்ஜர்ஸ் 8-0ன்னு ஆரம்பிச்சாங்க, டோக்கியோல ரெண்டு மேட்ச் ஜெயிச்சதும் அதுல சேர்த்தி, கடைசில கோப்பையும் அவங்களுக்குத்தான். அட்லான்டா ப்ரேவ்ஸ் 0-7, வருஷ முடிவுல 76-86, ப்ளே ஆஃப் கிடையாது. இன்னொரு பக்கம் 2019 சியாட்டில் மரினர்ஸ் 13-2ன்னு பறந்துட்டு 68-94ல வந்து விழுந்தாங்க, 2023 டாம்பா பே ரேஸ் 13-0ன்னு ஆரம்பிச்சு 99 மேட்ச் ஜெயிச்சும் ப்ளே ஆஃப்ல முதல் ரவுண்டுலயே ரெண்டே மேட்ச்ல வெளிய. எப்படி வேணா போகும்.

ஆனா ஒண்ணு, ஒரு டீம் எவ்ளோ நல்ல டீம்னு முதல் வாரம் சொல்லாது, ஆனா அந்த வாரத்துல வர்ற வெற்றி தோல்வி செப்டம்பர்ல வர்றதுக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்ல. யாங்கீஸ் 2025-ஐ 94-68ன்னு முடிச்சாங்க. எங்க டிவிஷன்லயே (அஞ்சு டீம் இருக்கற குரூப்) இருக்கற ப்ளூ ஜேஸும் அச்சா அதே 94-68. டை ஆனா நேருக்கு நேர் கணக்கு, அதுல ப்ளூ ஜேஸ் 8-5, அதனால டிவிஷன் அவங்களுக்கு, முதல் ரவுண்டு ஆடாம ரெஸ்ட்டும் அவங்களுக்கு. இன்னும் ஒரே ஒரு மேட்ச் கூடுதலா ஜெயிச்சிருந்தா டிவிஷன் நமக்கு. ஏப்ரல் 1 அந்த எட்டாவது இன்னிங்ஸ் நினைச்சா இன்னும் வயிறு எரியுது. கடைசில பாஸ்டன் கூட அந்த முதல் ரவுண்டை, அதாவது வைல்ட் கார்டை, ஆட வேண்டியதாச்சு, முதல் மேட்ச் தோத்து, அப்புறம் ரெண்டு ஜெயிச்சு, மூணாவதுல கேம் ஷ்லிட்லர்ங்கற பிட்சர் 8 இன்னிங்ஸ் ரன்னே குடுக்காம 12 ஸ்ட்ரைக் அவுட் போட்டுக் காப்பாத்தினார். மார்ச்ல 20 ரன் அடிச்சு ஆடினப்ப அவர் எம்எல்பிலயே இல்ல, ஜூலைலதான் வந்தார். அடுத்த சீரிஸ்ல அதே ப்ளூ ஜேஸ்கிட்ட 1-3ன்னு தோத்து கதை முடிஞ்சது.

அதனால நீங்க ஏப்ரல்ல பேஸ்பால் பார்க்க ஆரம்பிச்சா ஸ்கோரை விட்டுட்டு, உங்க டீம் பிட்சர் போன வருஷ வேகத்துல போடறாரா, யார் இஞ்சுரி லிஸ்ட்ல போறாங்க, ஃபீல்டிங்ல எத்தனை எர்ரர்னு பாருங்க. நாங்க அந்த 5 எர்ரரை அன்னிக்கே கவனிச்சிருக்கணும், ஏன்னா ஷார்ட் ஸ்டாப்ல (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற இடம்) வோல்பி விட்ட பந்துக்காக இந்த ஊரு செப்டம்பர் வரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டே இருந்துச்சு.