பாட்டியின் பெல்ட், பேத்தியின் பேண்டீஸ்

கேள்வி: பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியில் இரண்டு கொக்கி தொங்கும் எலாஸ்டிக் பட்டை கிடைத்தது. ‘பேட் பெல்ட்’ என்கிறார் அம்மா. மாதவிடாய் பேட்டுக்கு எதற்கு பெல்ட்?
– வாசகி, செந்தூல்

பதில்: பேட்டின் அடியில் பசை இல்லாத காலத்துப் பொருள் அது. பட்டை இடுப்பில் இருக்கும்; கொக்கிகள் முன்னும் பின்னும் தொங்கும். அன்றைய பேட்டின் இரு முனையிலும் நீளமாக வலைத்துணி வால் உண்டு. அதைக் கொக்கியில் கோத்து இழுத்து மாட்ட வேண்டும்.

உறிஞ்சும் பஞ்சு, பசை வருவதற்கு வெகு முன்பே கிடைத்துவிட்டது. முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போட மரக்கூழில் செய்த செல்லுகாட்டனை நர்சுகள் மாதவிடாய்க்கும் எடுத்துக்கொண்டார்கள். 1920-இல் அதுவே கோடெக்ஸ் பேட் என்று கடைக்கு வந்தது. தொல்லையெல்லாம் பிடிமானத்தில்தான். இறுக்கினால் பின்கொக்கி முதுகெலும்பின் அடியில் குத்தும். தளர்த்தினால் நடக்க நடக்க பேட் நகரும். மேரி பியாட்ரிஸ் டேவிட்சன் கென்னர் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் அளவு மாற்றக்கூடிய பெல்ட்டுக்கு 1956-இல் காப்புரிமை பெற்றார். ஆர்வம் காட்டிய நிறுவனம் அவர் நிறம் தெரிந்ததும் நழுவிவிட்டது. 1969-இல் ஸ்டேஃப்ரீ பேட் அடியில் பசையோடு வந்தது. பெல்ட் மெல்ல மெல்லப் பெட்டிக்குள் போனது.

கேள்வி: பீரியட் பேண்டீஸ் (மாதவிடாய் இரத்தத்தைத் தானே உறிஞ்சும் உள்ளாடை) வாங்கி ஏழு மாதம். முதலில் நன்றாக இருந்தது. இப்போது ஓரத்தில் கசிகிறது, துவைத்தாலும் வாடை போகவில்லை. போலியா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போலி என்று முடிவுகட்டும் முன் ஒரு சோதனை. அடியில் டிஷ்யூ விரித்து, நடுப்பட்டையில் ஒரு மேசைக்கரண்டி (15 மில்லி) தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் மேலே முத்து முத்தாக நின்றால், துணி மென்மைப்படுத்தியோ சோப்போ இழையில் படிந்திருக்கிறது. இரத்தம் உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு ஓடுவது அதனால்தான். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புத்தூளோடு ஊறவைத்து, நுரை அடங்கும்வரை அலசினால் சரியாகும். டிஷ்யூ நனைந்தால் கதை வேறு: அடியில் கசிவைத் தடுக்கும் பாலியூரித்தேன் படலம் பிரிந்துவிட்டது. டிரையர் சூடு, இஸ்திரி, குளோராக்ஸ் (வெளுப்பான்) மூன்றும் அதற்கு எமன். ஒட்டவைக்க வழியில்லை, தூக்கிப்போடுங்கள்.

இனி துவைக்கும் முறை. கழற்றியவுடன் குழாய்த் தண்ணீரில், நீர் தெளியும்வரை பிழியுங்கள். சுடுநீர் கூடாது, இரத்தத்தின் புரதம் வெந்து இழையில் பிடித்துக்கொள்ளும். பிறகு வலைப்பையில் போட்டு மெஷினில் 30 டிகிரியில் துவைக்கலாம்.

வாடைக்கு முக்கியக் காரணம் ஈரம். நடுப்பட்டை மூன்று நான்கு அடுக்கு. வெளித்துணி காய்ந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஒரு நாள் போதாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி மின்விசிறிக்கு நேரே தொங்கவிடுங்கள். மூன்று உருப்படியை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது, ஐந்தாறு வேண்டும்.

சரக்கு ஒன்றும் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அடியில் ரப்பர் பூசிய உள்ளாடைகள் அமெரிக்க அஞ்சல்வழிக் கடைகளில் விற்றன. மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டி உலகுக்கு ரப்பர் அனுப்பிய காலம் அது. கசியாது, காற்றும் போகாது. வெந்துபோன தோலுக்கு யார் பதில் சொல்வது? இன்றைய படலம் மெல்லியது, வளையும். ஆனாலும் 12 மணி நேரத்துக்கு மேல் ஒன்றையே போட்டிருக்காதீர்கள்.

கேள்வி: பேட்டைக் கழுவித்தான் எறிய வேண்டுமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: தேவையில்லை. உள்ளே இருக்கும் ஜெல் மணிகள் தண்ணீர் பட்டால் ஊதும். உறை கிழிந்தால் குளியலறைச் சல்லடையில் போய் அடைக்கும். சுருட்டி, புதுப் பேட்டின் உறையிலேயே சுற்றிக் குப்பையில் போடுங்கள். வழக்கத்தை விட முடியாதவர்கள், பிளக்காமல் மேலே மட்டும் அலசி, வாளியில் பிழியுங்கள். கழிவறையில் போட்டு ஃபிளஷ் செய்யாதீர்கள்: அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.