ஜூலையில் மூணாறு பக்கம் மலையேற 10,000 எம்எம் வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் போதுமா? வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

எல்லோரும் எம்எம் கணக்கைத்தான் கேட்கிறார்கள், தையலைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. அந்த ஆற்றாமையில்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர், ஆபீஸ் கூட்டாளிகளோடு வருகிறீர்கள், ஆன்லைனில் ஒரு ஜாக்கெட்டைப் பார்த்து வைத்துவிட்டு யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு மூணாறு பக்கம் சூரியநெல்லியில் தையல் கடை. இந்த மலைகளில் கேம்ப் நடத்துகிறவர்களின் டென்ட், பை, மழைக்கோட்டு கிழிந்தால் என்னிடம்தான் வரும். 'டெய்லருக்கு ட்ரெக்கிங் பற்றி என்ன தெரியும்' என்று கீழே கமெண்ட் போடக் கிளம்ப வேண்டாம். நான் சிகரம் தொட்டவன் என்று சொல்லவில்லை. ஊசி போட்ட ஓட்டையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

10,000 எம்எம் என்பது துணிக்கு உள்ள கணக்கு. பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வரும் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்று அர்த்தம். நல்ல கணக்குதான். ஆனால் அதை வெட்டி ஜாக்கெட்டாகத் தைக்கும்போது அங்குலத்துக்கு எட்டு, பத்து இடத்தில் ஊசி இறங்குகிறதே! அத்தனை ஓட்டையையும் அடைப்பது உள்பக்கம் சூடு வைத்து ஒட்டும் டேப். விலை குறைந்தவற்றில் தோளுக்கும் தொப்பிக்கும் மட்டும் ஒட்டிவிட்டு மற்ற தையல்களை அப்படியே விட்டிருப்பார்கள். அதனால் முதலில் உள்பக்கத்தைப் புரட்டி, அக்குள், பக்கவாட்டு, ஜிப் ஓரம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள்.

போன மழையில் ஒரு பையன் சொட்டச் சொட்ட நனைந்து கடைக்குள் வந்தான். ஜாக்கெட் வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே திருப்பினால், தோளில் இருந்த டேப் நகம் பட்டதும் நீளமாக உரிந்து வந்தது, கூடவே உள்பூச்சும் செதில் செதிலாக. முந்தின தடவை நனைந்ததைக் காயவைக்காமல் மடித்துப் பையில் திணித்து, அப்படியே அலமாரியில் போட்டிருந்தானாம். அந்த உள்பூச்சு பாலியூரிதேன் என்கிற பிளாஸ்டிக், அதை ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். "அண்ணே, ஒரு தையல் போட்டுக் குடுங்க" என்றான். "தைச்சா இன்னும் நாலு ஓட்டைதான் விழும் தம்பி" என்றேன். அதற்குரிய பசை போட்டுக் காயவிட ஒரு ராத்திரியாவது வேண்டும். வெளியே ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது மழைக்குப் போர்த்திக்கொள்கிற பிளாஸ்டிக் கொங்காணியைக் கொடுத்தனுப்பினேன். அது திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

சரி, சோதனைக்கு வருவோம். வெளிர் நீலமோ சாம்பலோ, ஈரம் பட்டால் கறுத்துத் தெரிகிற பருத்திச் சட்டையைப் போட்டு அதன் மேல் ஜாக்கெட். முதுகில் கனமான பை. பை முக்கியம், ஏனென்றால் அதன் பட்டை அழுத்தும் தோளில்தான் முதலில் ஊறும். ஷவருக்கு அடியில் பத்து நிமிஷம், கையைத் தூக்கி இறக்கி, பக்கவாட்டிலும் திரும்பி நில்லுங்கள். இந்தப் பக்கம் ஏறுகிற மீசைப்புலிமலை 2,640 மீட்டர் உயரம். அங்கே காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். கழற்றிப் பார்க்கும்போது தையலை ஒட்டிக் கோடாக நனைந்திருந்தால் ஒழுகல். முதுகு முழுக்கச் சீராக ஈரம் என்றால் வியர்வை, அதற்கு ஜாக்கெட்டைத் திட்டாதீர்கள். அக்குளில் காற்றுப் போக ஜிப் வைத்ததாகப் பாருங்கள்.

வெளியே தண்ணீர் உருண்டு ஓடாமல் துணியில் பரவினால் ஒழுகுகிறது என்று அர்த்தமில்லை, மேல்பூச்சு சோர்ந்திருக்கிறது. லேபிளில் சொன்னபடி துவைத்து, மிதமான சூடு காட்டினால் பெரும்பாலும் மீளும். கம்ஃபர்ட் மாதிரி மணக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். ராத்திரி கேம்ப் ஃபயர் பக்கம் இதைப் போட்டுக்கொண்டு உட்காரவும் வேண்டாம். ஒரு பொறி போதும், நைலான் உருகிவிடும். என்னிடம் ஒட்டுப்போட வருவதில் பாதி அந்தக் கேஸ்தான். பருத்திச் சட்டை சோதனைக்கு மட்டும்தான், மலையேறும்போது ஜீன்ஸ், பருத்தி பனியன் தவிர்த்துவிடுங்கள். ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்கு, முழங்கால் வரை வரும் நெருக்கமாக நெய்த காலுறை போதும்.

இதெல்லாம் முன்கூட்டியே வாங்கினால்தான் நடக்கும். இங்கே வந்து ஆர்டர் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு கூரியர் கம்பெனி இருக்கிறது, பெயர் வேண்டாம். பார்சல் மூணாறு வரை வரும். அப்புறம் 'வீட்டில் ஆள் இல்லை' என்று மெசேஜ் வரும். மெயின் ரோட்டில் காலையிலிருந்து மிஷின் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் ஐயா! போன் பண்ணினால் மலையாளத்தில் ஒரு காரணம், தமிழில் ஒரு காரணம். டேப் ஒட்டும் பசையையே நான் போடிக்கு பஸ் ஏறிப் போய்த்தான் வாங்கி வருகிறேன்.