எரிமலைத் தீவுகளில் வேலை: கேள்வி பதில்

கிழக்குக் கரீபியன் தீவுகளில் எரிமலைகளைக் கண்காணிப்பதும், அவற்றின் அடிவாரத்தில் வாழ்பவர்களைத் தயார்ப்படுத்துவதும் என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எரிமலை எந்தத் தேதியில் வெடிக்கும் என்று சொல்ல முடியுமா, சார்?

தேதி சொல்ல முடியாது. அறிகுறி தெரிந்தால் சொல்லிவிடுவோம். சிறு நில அதிர்வுகள் கூடும், மலை வீங்கும், வெளிவரும் வாயுக்கள் மாறும். செயின்ட் வின்சென்ட் தீவின் லா சூஃப்ரியர் எரிமலை 2020 டிசம்பர் கடைசியிலிருந்தே நெருப்புக் குழம்பைக் கக்கிக்கொண்டிருந்தது. 2021 ஏப்ரல் 8 அன்று அதிர்வுகளின் போக்கு மாறியதும் வெளியேற்ற உத்தரவு வந்தது. மறுநாள் காலையே வெடித்தது. வெடிப்பில் நேரடியாக ஒருவரும் சாகவில்லை. 1902இல் இதே மலை சுமார் 1,600 பேரைக் கொன்றது.

நெருப்புக் குழம்புதானே பெரிய ஆபத்து?

இல்லை. இந்தத் தீவுகளில் குழம்பு கெட்டியானது, மெல்லத்தான் நகரும். கொல்வது, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறைத்துண்டுகளும் கலந்து சரிவில் பாய்ந்து வரும் பெருக்கு. அதை ஓடி முந்த முடியாது. 1902 மே 8 அன்று மார்ட்டினிக் தீவின் செயின்ட் பியர் நகரில் சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் மடிந்தார்கள்.

எச்சரித்தும் மக்கள் ஏன் போக மறுக்கிறார்கள்?

பிடிவாதம் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது நியாயமில்லை. மான்ட்செராட் தீவில் 1997 ஜூன் 25 அன்று எரிமலை வெடித்து 19 பேர் இறந்தார்கள். அது தடை செய்யப்பட்ட பகுதிதான்; ஆனாலும் பயிரையும் கால்நடையையும் விட்டுவிட முடியாமல் உள்ளே போனவர்கள் அவர்களில் உண்டு. பிழைப்புக்கு மாற்று வழி காட்டாமல் வேலி மட்டும் போட்டால் இப்படித்தான் நடக்கும்.

அதனால் மலை அமைதியாக இருக்கும்போதே ஊருக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம். வரைபடத்தைத் தரையில் விரித்ததும், "என் மாட்டை யார் அவிழ்த்துவிடுவது?" என்று ஒரு பாட்டி கேட்பார். அதற்கு விடை கிடைக்கும்வரை கூட்டம் முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவரை யார் தூக்குவது, வண்டி யாரிடம் இருக்கிறது, முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா என்று எல்லாம் பேசி, பெயர் போட்டு எழுதிக்கொள்வோம். அளவீட்டுக் கருவிகளைப் போலவே இந்தப் பட்டியலும் உயிர் காக்கும்.

என் அக்காவுக்கு இந்த வேலைக்கு வர ஆசை, என்ன படிக்க வேண்டும்?

நிலவியல், புவி இயற்பியல், வேதியியல் எதுவானாலும் சரி. வானொலியில் ஐந்து நிமிடம் எளிமையாகப் பேசவும் பழகட்டும்.

சாம்பல் விழும்போது வீட்டில் என்ன செய்வது?

மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முதலில் கழற்றுங்கள், தொட்டியை மூடுங்கள். மழையில் நனைந்த சாம்பல் பயங்கர கனம், கூரையே இறங்கிவிடும். மேலே ஏறிக் கூட்டுவதாக இருந்தால் முகக்கவசம் போட்டு, துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கி விழுபவர்கள் அதிகம்.

வெடிப்பு நின்றால் உடனே திரும்பலாமா?

அதிகாரிகள் சொல்லும்வரை வேண்டாம். சரிவில் படிந்த சாம்பலை மழை சேற்று வெள்ளமாக அடித்துக்கொண்டு வரும். இது வருடக்கணக்கில் தொடரலாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உச்சியில் மழை கொட்டலாம். ஆற்றுப் பக்கம் இரைச்சல் கேட்டால் பாலத்தைக் கடக்காதீர்கள், மேட்டுக்கு ஏறுங்கள்.