பழுப்புக் கொழுப்பு: கேள்விகளும் பதில்களும்

அண்ணாநகர் வாசகர்: பழுப்புக் கொழுப்பு என்கிறார்களே, அது என்ன அம்மா?

வெள்ளைக் கொழுப்பு ஆற்றலைச் சேமிக்கும்; பழுப்புக் கொழுப்பு அதை எரித்துச் சூடாக்கும். அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் (செல்லுக்குள் ஆற்றல் தரும் குட்டி உலைகள்) நெருக்கியடித்து நிற்கும்; அவற்றிலுள்ள இரும்புதான் அந்த நிறத்துக்குக் காரணம். உடம்பில் குளிர் பட்டதும் நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க, கொழுப்பு உடைகிறது. மற்ற செல்கள் அந்த ஆற்றலை ஏ.டி.பி.யாக (செல் தன் வேலைக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) மாற்றிக்கொள்ளும்; இங்கோ யு.சி.பி.1 என்ற புரதம் அதை வெப்பமாகவே வெளியேற்றிவிடுகிறது. நடுக்கமே தேவையில்லை. பெரியவர்களிடமும் இது வேலை செய்கிறது என்று 2009-இல் ஒரே மருத்துவ இதழில் மூன்று ஆய்வுகள் சேர்ந்து வெளிவந்தன. கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும்தான் அது அதிகம்.

தல்லாகுளம்: பச்சைத் தண்ணீரில் குளித்தால் எடை குறையுமா?

அப்படி நிரூபணம் இல்லை. எரியும் கலோரி சொற்பம்.

திருமங்கலம்: ஏ.சி.யை 16-இல் வைத்துத் தூங்கினால் எடை குறையுமா?

தல்லாகுளத்துக்குச் சொன்னதேதான்.

மேலூர்: சித்திரை வெயிலில் பேரன் பிறந்தான். அன்றே வெந்நீர் ஊற்றக் கூடாது என்கிறார் நர்ஸ். இந்த வெயிலில் பிள்ளைக்குக் குளிருமா?

குளிரும் அம்மா. கருப்பையின் 37 டிகிரியிலிருந்து ஈரத்தோடு வெளியே வருகிறான். அந்த ஈரம் ஆவியாகும்போதே சூட்டைப் பறித்துவிடும். ஆபரேஷன் தியேட்டரில் ஏ.சி. வேறு. பச்சிளங்குழந்தை நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்வதில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பையே நம்பியிருக்கிறது. அது எரிய ஆக்சிஜன் வேண்டும், சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்த பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை இறங்குவது அதனால்தான். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உடனே துடையுங்கள், தாயின் மார்போடு போடுங்கள், தலையை மூடுங்கள்.

மேலூர் (மீண்டும்): என் நான்கு பிள்ளைகளையும் மாமியார் அன்றே குளிப்பாட்டினார். ஒன்றும் ஆகவில்லையே?

நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறந்திருப்பார்கள், தாங்கினார்கள். தாங்காத பிள்ளைகளின் கதையை எந்த வீட்டிலும் உரக்கச் சொல்வதில்லை.

உசிலம்பட்டி: மேலூர் அக்கா சொல்வதுதான் சரி. குளிப்பாட்டாவிட்டால் கவிச்சி போகாதே?

உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்மாவு தோலைக் காக்கிறது. அதைத் தேய்த்தெடுக்க வேண்டாம். மாமியார்மீது எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒன்றில் மட்டும் அவர் சொல்லைக் கேட்காதீர்கள். உள்ளங்காலைத் தொடுங்கள், பிறகு வயிற்றை. கால் சில்லென்று இருந்து வயிறு வெதுவெதுப்பாக இருந்தால் பிள்ளை சூட்டுக்காகப் போராடுகிறது. இரண்டும் சில்லிட்டிருந்தால் மார்போடு அணைத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கே.கே.நகர்: ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் தொப்பை குறையுமா?

மூன்றாம் முறை: இல்லை.

சோழவந்தான்: எனக்கு தைராய்டு குறைவு, எப்போதும் குளிர்கிறது.

உங்கள் மருத்துவரிடம் மாத்திரை அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி: குறைமாதக் குழந்தை, இன்றுதான் வீட்டுக்கு வந்தது. எப்படிப் பார்த்துக்கொள்வது?

பழுப்புக் கொழுப்பு பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் சேர்கிறது. உங்கள் பிள்ளைக்கு அது குறைவு. கங்காரு பராமரிப்பை விடாதீர்கள்: டயபர், குல்லா, காலுறை மட்டும்; தோலோடு தோல்; மேலே ஒரு துணி. நீங்கள் களைத்தால் அப்பா நெஞ்சில் போடட்டும், பாட்டியும் போடலாம். அக்குள் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உடனே அணைத்துச் சூடேற்றிப் பாலூட்டுங்கள். ஏறாவிட்டாலோ பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.