சித்தப்பாவின் தாடையும் ஒரு பின்குறிப்பும்

கேள்வி: என் மகனுக்கு வயது 13. போன மாதம் வகுப்பில் ஒரு பையனை நாற்காலியால் அடித்துவிட்டான். அவன் சித்தப்பா கும்பல் சண்டையில் சிறை போனவர். "அதே முழி, அதே தாடை, அதே ரத்தம்" என்கிறார் மாமியார். கணவர் பெல்ட்டை எடுக்கிறார். குற்றம் பிறப்பிலேயே வருமா? பி.கு: நாலு மாதத்துக்கு முன் தோட்டத்துச் சாலையில் மோட்டாரிலிருந்து விழுந்து, கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தான். அடிக்கடி தலைவலி என்கிறான்.
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியில் ஞாபகம் வந்து எழுதிய பின்குறிப்பில்தான் என் கண் நின்றது.

'கையை இறக்கு' என்று நமக்குள் பிரேக் போடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. தலையில் பலமாக அடிபட்டால் அந்தப் பிரேக் தளர்வதுண்டு. சட்டென்று கோபம் வரும், தூக்கம் கெடும், பாடத்தில் மனம் நிற்காது. வெளிக்காயம் எப்போதோ ஆறியிருக்கும். மகனுக்கு அதுதான் என்று நான் எப்படிச் சொல்வது? டாக்டர்தான் பார்க்க வேண்டும். விழுந்த தேதி, எவ்வளவு நேரம் நினைவில்லை, இந்தக் கோபம் அதற்கு முன்பே இருந்ததா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ வாந்தி எடுத்தாலோ நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான்.

சரி, தாடைக்கு வருவோம். இத்தாலியில் லொம்புரோசோ என்ற மருத்துவர், பிறவிக் குற்றவாளியைத் தாடையிலும் காதிலும் கண்டுபிடிக்கலாம் என்று 1876-ல் புத்தகமே போட்டார். பிற்பாடு அது நிற்கவில்லை. அதே தாடை உங்கள் கணவருக்கும் இருக்குமே?

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த சுமார் 1,000 பிள்ளைகளை வளர வளரக் கவனித்து வந்தார்கள். எம்.ஏ.ஓ.ஏ என்ற மரபணு மந்தமாக வேலை செய்த பையன்களில், சின்ன வயதில் கொடுமைப்பட்டவர்கள்தான் பிற்பாடு அதிகம் வன்முறைக்குப் போனார்கள் என்று 2002-ல் எழுதினார்கள். அதே மரபணுவோடு நல்லபடி வளர்ந்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பெல்ட் இன்று ராத்திரியே அலமாரிக்குள் போகட்டும். நானும் லயத்தில் வளர்ந்தவள்தான். பெல்ட் அடி வாங்கித் திருந்திய பையனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், அடிபட்ட பையன் வீட்டுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். நீங்கள் பேச வேண்டாம், அவனே மன்னிப்புக் கேட்கட்டும்.