வாசகர் கேள்வி – பதில்: பல்வலிக்குக் கிராம்பு

கேள்வி: கடைவாய்ப் பல் ஒன்று மூன்று நாட்களாக வலிக்கிறது, இரவில் படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது. கிராம்புத் தைலம் தடவலாமா? பக்கத்து வீட்டு அம்மா ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்ளச் சொல்கிறார்.
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: மாத்திரையை ஈறில் வைக்கவே வேண்டாம், அதன் அமிலத்தன்மை ஈறைப் புண்ணாக்கிவிடும். கிராம்பு வேறு கதை. அதிலுள்ள யூஜினால் என்னும் பொருள் வலியுள்ள இடத்தைச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்கள் வைக்கும் தற்காலிக அடைப்புகளிலும் அது சேர்வதுண்டு. ஆனால் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடுமாதலால், இரண்டு சொட்டை ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டு, பல்லின் மேல் மட்டும் ஒற்றுங்கள். தைலம் இல்லாவிட்டால் அஞ்சறைப்பெட்டிக் கிராம்பு ஒன்றை இலேசாக நசுக்கி அடக்கிக்கொள்ளலாம். சிறு குழந்தைகளுக்குத் தைலம் கூடாது.

ஒரு தம்ளர் வெந்நீரில், சூடு பொறுக்கும் பதத்தில், அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளியுங்கள். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால்தான் இரவில் வலி தெறிக்கிறது. தலையணையை உயர்த்திக்கொண்டால் சற்று அடங்கும்.

இவையெல்லாம் விடியும்வரை தாங்குவதற்கே. சொத்தையை எந்தக் கிராம்பும் அடைக்காது. மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் பல் மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை. வலி திடீரென நின்றாலும் போய்க் காட்டுங்கள், உள்நரம்பு செத்திருக்கலாம். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ அன்றே போய்விடுங்கள்.